தலைமைப் பொறுப்பில் மாமா

ஆபீஸில் இருப்பது மூன்று மெஷின். திரையில் தெரிவது ஆறு.

மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டே இன்னொரு தடவை எண்ணினார். ஆறுதான். மெஷின்களைச் சேர்க்கிற ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனவர், திரும்பி வரும்போது ஒன்றிரண்டு குறைந்திருக்குமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தார். கூடியிருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"மாப்பிள்ளை, உங்க போன் அடிச்சுது. நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க. நானே எடுத்துப் பேசி முடிச்சுட்டேன்" என்று மாமனார் அறை வாசலில் நின்று போனை நீட்டினார்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று தினமும் யாராவது கூப்பிடுவார்கள். அவர்களை மனம் நோகாமல் பேசி அனுப்புவதில் மாமனாரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மாமனார் போகும்போது கை தன்னால் சுவருக்குப் போய் மின்விசிறியை அணைத்தது. "ஆளில்லாத ரூமுக்குக் காத்து எதுக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"நான் இங்கதான் இருக்கேன் மாமா."

"அட, ஆமா" என்று மறுபடி போட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்தது நாலு நாள் தங்கிப் போகலாம் என்றுதான். அவர் வேலை பார்த்த கம்பெனி ஒருநாள் திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டது. "அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் இங்க வந்து இருங்களேன்" என்று மாமனார் கூப்பிட்டார். அடுத்த வேலை கிடைப்பதற்குள் அவருக்கு இந்த வீட்டில் தனி டம்ளர், தனி நாற்காலி, செருப்பு விடத் தனி இடம் எல்லாம் வந்துவிட்டன. வீட்டோட மாப்பிள்ளை என்று தெரு பேசியது. மாமனார் மட்டும் ஒருநாள்கூட "வேலை என்னாச்சு?" என்று கேட்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் துருவினால், "மாப்பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்" என்று சொல்லிவிடுவார். வேலை அதற்கப்புறம்தான் கிடைத்தது. கிடைத்ததும் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. மாமனார் தனக்காகச் சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் அது தேடி வந்தது என்று மாப்பிள்ளை இன்றைக்கும் நம்புகிறார்.

ஆனால் அது இன்னும் நிரந்தரமாகவில்லை. சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது.

புதுக் கம்பெனி ஆம்புலன்ஸ் ஓட்டுகிற கம்பெனி. யார் எங்கேயிருந்து கூப்பிட்டாலும், பக்கத்தில் நிற்கிற வண்டி எது, எந்த வழியில் போனால் நெரிசல் இல்லை என்று வரைபடத்தில் காட்டுகிற புது ஏற்பாடு இன்று ஆரம்பம். மேனேஜரம்மா ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அங்கே டாக்டர்கள் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆபீஸ் சர்வர் அறையில் இருக்கிற மூன்று மெஷினையும் வீட்டிலிருந்தபடியே தயார் செய்து ஓடவைப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு.

"இன்னிக்கு ஓடிட்டா நீங்க நிரந்தரம். ஓடலைன்னா நாங்க பழையபடி சுவர்ல மேப் மாட்டி, போன் பண்ணியே சமாளிச்சுக்கறோம்" என்று மேனேஜரம்மா நேற்றே சொல்லிவிட்டார். அந்த மேப்பும் போனும் இன்று ஒருநாள் பக்கத்திலேயே தயாராக இருக்கும் என்பது மாப்பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். உயிர் சம்பந்தப்பட்ட காரியம் அல்லவா.

முன்பெல்லாம் ஒவ்வொரு மெஷினோடும் உட்கார்ந்து கட்டி அழவேண்டும். மாப்பிள்ளை அதை ஒரே கட்டளையில் அடக்கிவிட்டார். அவருடைய ஸ்கிரிப்ட் நெட்வொர்க் முழுக்கத் தேடும். தன் கையிலுள்ள ரகசியச் சாவி எந்த மெஷினில் பொருந்துகிறதோ, அதை நம்ம ஆள் என்று சேர்த்துக்கொள்ளும். முதலில் பதில் சொல்கிற மெஷினைத் தலைமை ஆக்கும். வேலைகளைச் சின்னச் சின்ன கன்டெய்னர் பொட்டலங்களாகக் கட்டி, தலைமை மற்ற மெஷின்களுக்குப் பங்கு போடும். ஒன்று படுத்துவிட்டால் அதன் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும். யாரும் யாரையும் கேட்க வேண்டாம். எந்த மெஷின் நம்முடையது என்று பெயர் எழுதிக்கொடுக்கிற வேலைகூடக் கிடையாது என்பதில் மாப்பிள்ளைக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

இப்போது அந்தப் பெருமைதான் திரையில் ஆறாக நின்றது.

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளை, டிவி நின்னு நின்னு போகுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

போன மாதம் மாமனாரின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. புதிதாக எல்லாவற்றையும் ஏற்றச் சோம்பல்பட்டு, ஆபீஸ் மெஷின்களுக்காகத் தயாரித்து வைத்திருந்த பென்டிரைவையே அதில் செருகிவிட்டார். ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம். அதைப் பார்த்து மனைவி, "என் லேப்டாப்பும் இழுக்குதுங்க" என்றாள். அதிலும் செருகினார். மாமியார், "நம்ம டிவிக்குக் கீழ இருக்கற குட்டிப் பெட்டிக்கும் அந்த வைத்தியம் பண்ணுங்களேன்" என்றார். பண்ணினார். மூன்றிலும் ஆபீஸ் சாவி அப்படியே இருக்கிறது என்பதை நினைக்கவே இல்லை. இன்று காலை ஆபீஸ் நெட்வொர்க்கை வீட்டோடு இணைத்துவிட்டு ஸ்கிரிப்டைத் தட்டினார். அது எசமான விசுவாசத்தோடு வீட்டுக்குள்ளும் நுழைந்து ஆள் பிடித்துவிட்டது.

தலைமை எது என்று பார்த்தார். ஆபீஸ் இருப்பது ஊரின் அந்தக் கோடி. மாமனாரின் கம்ப்யூட்டர் இருப்பது அடுத்த அறை. முதலில் பதில் சொன்னது எதுவாக இருக்கும்?

ஊரில் ஓடுகிற ஆம்புலன்ஸ்களுக்கெல்லாம் இப்போது தலைமை, மாமனார் செஸ் விளையாடுகிற கம்ப்யூட்டர்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கையை நீட்டும்போது போன் அடித்தது. மேனேஜரம்மா.

"இங்க ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா இருக்கு. ஆரம்பிச்சுட்டோம். வண்டிங்க எல்லாம் மேப்ல வந்துடுச்சு."

"மேடம், ஒரு சின்ன விஷயம்..."

"ஓடுதா?"

"ஓடுது மேடம்."

"அப்போ பேசாதீங்க. டாக்டருங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க." போன் அடங்கியது.

இனி கலைக்க முடியாது. ஓடுகிறபடியே ஓடவிட்டு, வீட்டு மெஷின்களை ஒவ்வொன்றாக நைசாகக் கழற்றிவிட வேண்டியதுதான். முதலில் மனைவியின் லேப்டாப். அவள் பள்ளிக்கூட டீச்சர். பரீட்சை மார்க்குகளை ஏற்றுவதற்காக லீவு போட்டுவிட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை லேப்டாப்பை விலக்குகிற கட்டளையைத் தட்டினார்.

லேப்டாப் விலகியது. கூடவே ஆபீஸ் மெஷின் ஒன்றும் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்குப் போயிற்று.

"ஐயோ, அதை எங்க தொட்டேன்?" என்று மாப்பிள்ளை தன் கட்டளையை எழுத்து எழுத்தாகப் படித்தார். தப்பு தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத தப்புதான் பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியும். விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று ஸ்கிரிப்டை மறுபடி ஒரு தடவை ஓட்டினார்.

ஸ்கிரிப்ட் விட்டுப்போனதைச் சேர்த்தது. மனைவியின் லேப்டாப்பைத் திரும்பக் கூட்டிவந்தது. அதே நேரத்தில் ஆபீஸின் இரண்டாவது மெஷினும் சாம்பலாயிற்று.

ஆபீஸில் உயிரோடு இருப்பது ஒன்றே ஒன்று. அதையாவது காப்பாற்றித் தலைமை ஆக்கிவிட்டால் பிழைத்தோம் என்று, மாப்பிள்ளை அதற்குத் தலைமை மாற்றுகிற கட்டளையைப் பாதி அடித்தார். பாதிதான் அடித்தார். அதற்குள் அதுவும் போய்விட்டது.

ஆபீஸில் யாரையாவது கூப்பிட்டு மெஷின்களைப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் ஆபீஸே ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மேனேஜரம்மாவிடம் சொல்லி ஆள் அனுப்பச் சொன்னால், "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்பார். என்ன பண்ணித் தொலைத்தோம் என்று தனக்கே தெரியாதபோது எதைச் சொல்வது?

திரையில் மிச்சமிருந்தது மூன்று. மாமாவின் கம்ப்யூட்டர், மனைவியின் லேப்டாப், அத்தையின் டிவி பெட்டி. தலைமை அலட்டிக்கொள்ளாமல் ஆபீஸ் வேலை அத்தனையையும் இந்த மூன்றின் தலையில் கட்டியிருந்தது. வரைபடத்தில் வண்டிகள் நகர்ந்துகொண்டேயிருந்தன.

அடுத்த அறையில் மாமனார் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. செஸ் முடிந்துவிட்டது. செஸ் முடிந்தால் மாமனார் கம்ப்யூட்டரை அணைப்பார். கம்ப்யூட்டரை அணைத்தால் சுவர் ஸ்விட்சையும் அணைப்பார். அது மாறாத வரிசை.

மாப்பிள்ளை பறந்தார்.

"மாமா, அதை அணைக்காதீங்க."

மாமனாரின் விரல் ஸ்விட்சின் மேல் நின்றது. இந்த வீட்டில் மாப்பிள்ளை அவரிடம் "செய்யாதீங்க" என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அது மாமனார் வீடு, அவர் கம்ப்யூட்டர், அவர் கட்டுகிற கரன்ட் பில்.

"ஏன் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை நாற்காலியின் கையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பென்டிரைவ், சாவி, ஸ்கிரிப்ட், ஆபீஸ் மெஷின்களைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகக் கொன்றது எல்லாம். மாமனார் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம்தான்.

"அதாவது, ஒரு கிளார்க் லீவு போட்டா அவன் ஃபைலை இன்னொருத்தன் தலையில கட்டற வேலை."

"அதேதான் மாமா."

"அதைக் கட்டறது யாரு?"

"உங்க கம்ப்யூட்டர்."

"அப்போ இது ஹெட் கிளார்க்."

"அப்படித்தான் வெச்சுக்கணும்."

மாமனார் கம்ப்யூட்டரைத் தட்டிக் கொடுத்தார். "நான் ரிடையர் ஆகற வரைக்கும் அந்த சீட்டு எனக்குக் கிடைக்கலை. இதுக்கு ஒரே காலையில கிடைச்சுடுச்சு" என்றார். குரலில் பொறாமை இல்லை. பிள்ளைக்கு வேலை கிடைத்த அப்பாவின் குரல் அது. "நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

"சும்மா விட்டா அது தூங்கிடும் மாமா. அந்த அமைப்பை மாத்தணும்னா ஒரு தடவை அணைச்சுப் போடணும். அது இப்போ முடியாது. அப்பப்போ மௌஸைக் கொஞ்சம் ஆட்டிக்கிட்டே இருந்தாப் போதும்."

"அவ்வளவுதானே?" மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மௌஸில் கையை வைத்தார். அந்தக் கையை அன்று அவர் எடுத்தது சாப்பிடும்போது மட்டும்தான். அப்போதும் இடது கையால் ஆட்டினார்.

மாப்பிள்ளை நன்றி சொல்ல வாயெடுத்தார். படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் முந்திக்கொண்டது.

"என்னங்க, லேப்டாப் அடுப்பு மாதிரி சுடுது. மூடி வெச்சுட்டு அப்புறமா மார்க் போடறேன்."

"மூடாதே" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

"உன் லேப்டாப்புக்குள்ள ஆம்புலன்ஸ் ஓடுது."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் விளக்கி முடித்ததும் எழுந்துபோய் மேசை விசிறியைத் தூக்கி வந்து லேப்டாப்பின் முகத்துக்கு நேரே வைத்தாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, மார்க்கையெல்லாம் காகிதத்தில் போட உட்கார்ந்தாள்.

"கோபமா?"

"மார்க்கு நாளைக்கும் போடலாம்" என்றாள். "போங்க, அம்மாவைப் பாருங்க. ரிமோட்டைத் தட்டற சத்தம் கேக்குது."

கூடத்தில் மாமியார் ரிமோட்டை உள்ளங்கையில் நாலு சாத்து சாத்திக்கொண்டிருந்தார். தொடரில் மருமகள் கதவைத் திறக்கப்போகிற இடத்தில் படம் உறைந்து நின்றிருந்தது. கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிவதற்காக மாமியார் ஒரு வாரமாகக் காத்திருந்தார் என்பது வீட்டுக்கே தெரியும்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பெட்டியை இன்னிக்கு ஆபீஸ் வேலைக்கு எடுத்துக்கிட்டேன். தெரியாமத்தான் எடுத்தேன்."

"என் பெட்டியையா?" மாமியார் முகத்தில் தொடரின் மாமியார் களை வந்தது.

மாப்பிள்ளை தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். வரைபடம் விரிந்து கிடந்தது. அப்போதுதான் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்க ஆரம்பித்தது.

"அது என்ன?"

"யாரோ கூப்பிட்டிருக்காங்க. குழந்தைக்கு மூச்சுத் திணறல்னு போட்டிருக்கு."

பக்கத்துத் தெருவில் நின்ற ஒரு பச்சைப் புள்ளி அசைந்தது. மாமியார் ரிமோட்டைக் கீழே வைத்தார். பச்சைப் புள்ளி ஒரு பெரிய சாலையில் ஏறி நின்றது.

"ஏன் நிக்குது?"

"நெரிசல். இருங்க, வேற வழி காட்டும்."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். டிவிக்குக் கீழே பெட்டி சூடாகிக் கிர்ரென்றது. பச்சைப் புள்ளி திரும்பியது. ஒரு சந்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, சிவப்புப் புள்ளியைத் தொட்டது. பிறகு இரண்டும் ஒன்றாக ஆஸ்பத்திரியை நோக்கி நகர்ந்தன. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போய்ச் சேர்ந்துதா?" என்று கேட்டார். "சேர்ந்துடுச்சு அத்தை" என்றதும், "கதவுக்குப் பின்னாடி யாராவது இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பெட்டியை நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை. மாமியார் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, "மாப்பிள்ளை, ஒரு சிவப்பு", "ம், தொட்டுடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கரன்ட் இழுக்கும் என்று சலவை மெஷினைப் போடவில்லை. மிக்ஸியைத் தொடவில்லை. மதியம் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிற மாமனார் அன்று கண்ணை மூடவில்லை. அவர் தலை ஒருதரம் லேசாகச் சாய்ந்தபோது மனைவி போய்த் தோளைத் தொட்டாள். "தூங்கலை, தூங்கலை" என்று கையை ஆட்டினார். மௌஸும் ஆடியது.

மாப்பிள்ளை இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடையாக நடந்தார். நடுவில் மேனேஜரம்மா மறுபடி கூப்பிட்டார்.

"கொஞ்சம் மெதுவா இருக்கற மாதிரி இருக்கே."

மாப்பிள்ளைக்கு உண்மை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "மேடம், நான் ஒண்ணு சொல்லணும். ஆபீஸ் மெஷின்ல..."

"ஓடுதா, இல்லையா?"

"ஓடுது. ஆனா அது ஓடற இடம்..."

"ஓடற இடம் எதுவா இருந்தா என்ன? நாளைக்குப் பேசுங்க" என்று வைத்துவிட்டார்.

வேகத்தைக் கூட்ட ஏதாவது செய்தாக வேண்டும். மாப்பிள்ளை சாம்பல் மெஷின்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். ஒன்றும் வாய் திறக்கவில்லை. ஸ்கிரிப்டை இன்னொரு தடவை ஓட்டினால் என்ன என்று விரல் பரபரத்தது. மனைவி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலேருந்து நீங்க சரிபண்ணப் பண்ணத்தானே ஒவ்வொண்ணா போச்சு?"

"ஆமா."

"அப்போ சும்மா இருங்க."

அன்றைக்கு அவருக்குக் கிடைத்த நல்ல தொழில்நுட்ப ஆலோசனை அதுதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சும்மா இருந்ததும் எல்லாம் நன்றாகவே ஓடியது.

வெயில் தணிகிற நேரத்தில் போன் மறுபடி அடித்தது. மேனேஜரம்மாவின் பின்னணியில் பலர் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது.

"சுவர் மேப்பை ஒரு தடவைகூடத் தொடலை. டாக்டருங்களுக்கு ரொம்பத் திருப்தி. காலையில ஒரு குழந்தையைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம், தெரியுமா?"

"தெரியும் மேடம். நாங்க பார்த்துக்கிட்டு இருந்தோம்."

"நாங்கன்னா?"

"நானும் எங்க வீட்டுல எல்லாரும்."

"நல்ல குடும்பம். நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்."

"மேடம், நாளைக்குக் காலையில உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். அதைக் கேட்டுட்டு நிரந்தரம்னு சொல்லுங்க."

"கேக்கறேன். ஆனா மாத்த மாட்டேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே வைத்தார்.

மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக மாமனாரின் அறைக்குப் போனார். மனைவியும் மாமியாரும் பின்னாலேயே வந்தார்கள். மாமனார் இன்னும் மௌஸை ஆட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"வேலை நிரந்தரமாயிடுச்சு மாமா."

"அப்படியா?" மாமனார் சிரித்தார். மௌஸை விடவில்லை.

"இது நீங்க வாங்கிக் குடுத்த வேலை. நான் சும்மா இருந்த காலத்துலயும் நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னிக்கு நான் பண்ணின குளறுபடிக்கு நீங்க தூங்காம உட்கார்ந்திருக்கீங்க. எனக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலை." மாப்பிள்ளை அழுவாரோ என்று பார்த்த மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் என்னத்தைப் பண்ணிட்டேன்? எலியை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார் மாமனார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. நாள் பூரா ஒரு மெஷினை அணைக்காம வெச்சிருந்தது எனக்கு வாழ்க்கையில இதுதான் முதல் தடவை. கை ரொம்ப அரிச்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் அவர் மணிக்கட்டுக்குத் தைலம் எடுத்து வரப் போனார்.

அந்தச் சமயத்தில் திரையில் ஏதோ மாறியது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். ஆபீஸ் மெஷின் ஒன்று பச்சையாகியிருந்தது. அவர் எதையும் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பச்சையாயிற்று. பிறகு மூன்றாவது. தலைமை வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றிடம் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. கூடத்தில் டிவிக்கு உயிர் வந்து, தொடரின் மருமகள் கதவைத் திறந்தாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். லோன்காரனாக இருந்தாலும் இன்றைக்கு நாலு நல்ல வார்த்தை பேசலாம் என்று மாப்பிள்ளை எடுத்தார்.

"சார், எலக்ட்ரீஷியன் பேசறேன். உங்க ஆபீஸ் சர்வர் ரூம்ல வயர் மாத்தற வேலை இப்பதான் முடிஞ்சுது. மெயினை ஏத்திட்டேன்."

மாப்பிள்ளைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மெயினை எப்போ இறக்கினீங்க?"

"காலையிலேயே சார். வெளியில இருக்கற நெட் பெட்டிக்குக் கை வைக்கலை. உள்ள மட்டும்தான். மூணு மெஷினும் பேட்டரியில கொஞ்ச நேரம் கத்திக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா அடங்கிடுச்சு."

மெஷின்களை மாப்பிள்ளை கொல்லவில்லை. அவர் கட்டளையில் தப்பு இல்லை. வீட்டு மெஷின்கள் தவறிப்போய்ச் சேர்ந்திராவிட்டால் இன்றைக்கு ஒரு வண்டியும் நகர்ந்திருக்காது. காலையிலிருந்து அவரை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் நாள் முழுக்கத் தேக்கிவைத்திருந்த கோபம் மேலே வந்தது.

"ஆம்புலன்ஸ் ஓடற நாள்ல, யாரைக் கேட்டுங்க மெயினை இறக்கினீங்க?" என்று குரலை உயர்த்தினார். எதிரில் மாமனார், இன்னும் விடாமல், அன்போடு மௌஸை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சர்வர் ரூம் கதவுல எழுதியிருக்கற உங்க நம்பருக்குத்தான் சார் கூப்பிட்டேன், ஒரு பெரியவர் எடுத்து, 'ஆளில்லாத ரூமுக்குக் கரன்ட்டு எதுக்கு, சாயங்காலம் வரைக்கும் தாராளமா இறக்கியே வைங்க'ன்னார், அவர் புண்ணியத்துல வேலை நிம்மதியா முடிஞ்சுது, என் நன்றியை மறக்காம அவர்கிட்ட சொல்லிடுங்க சார்."